ஹெர்குலிஸ் 3டி ப்ராஃபெட் 2 ஜிடிஎஸ்: ஒரு மதிப்பீடு

ஹெர்குலிஸ் 3டி ப்ராஃபெட் 2 ஜிடிஎஸ் என்பது 2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த உயர்தர வரைகலை அட்டை. கிராபிக்ஸ் கார்டு என்று கடைகளில் வழங்கும் இவ்வகைப் பொருள்களில், வீட்டுக் கணினிக்கு அப்போது கிடைத்த மிக விரைவானவற்றுள் இதுவும் ஒன்று. இதன் இதயமாக இருந்தது என்விடியா நிறுவனத்தின் ஜீஃபோர்ஸ்2 ஜிடிஎஸ் சில்லு. அட்டையின் மேல் அச்சிட்டிருந்த பெயர் அந்தச் சில்லைவிட 18 ஆண்டுகள் மூத்தது. 1982இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹெர்குலிஸ் நிறுவனம் 1990களின் இறுதியில் நொடித்தது. 1999இல் அதை பிரான்சின் கியமோ நிறுவனம் வாங்கி, பெயரை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது.

மறுபிறவி எடுத்த ஒரு பெயரில் வரும் விலையுயர்ந்த பொருளை எப்படி எடை போடுவது என்பதற்கு இந்த அட்டை நல்ல பாடம். பழைய பெயர் எதைச் சாதித்தது, புதிய அட்டை தான் சொன்னதைச் செய்ததா, படம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு அதில் எவ்வளவு பயன் என்ற மூன்று கேள்விகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது கேள்விக்குச் சேலம் மாவட்டத்தின் சேலை ஊரான இளம்பிள்ளை அளவுகோலாகிறது.

பெயரின் கதை

1981இல் வந்த ஐபிஎம் கணினிக்கு இரண்டு வகைத் திரை அட்டைகள் இருந்தன. ஒன்று எழுத்துகளைத் தெளிவாகக் காட்டும். ஆனால் படம் வரையாது. அதன் 256 குறிகளும் அட்டையிலேயே நிலையாகப் பதிக்கப்பட்டவை. மற்றொன்று வண்ணப் படம் வரையும்; ஆனால் அதன் எழுத்துகள் கண்ணை உறுத்தும் அளவுக்குச் சொரசொரப்பானவை.

தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல், தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் கணினியில் எழுத விரும்பினார். நிலையான குறிகளைக் கொண்ட அட்டையில் அது இயலாது. எழுத்தையே படமாக வரைந்தால் இயலும். அதற்காக அவர் உருவாக்கிய அட்டையே ஹெர்குலிஸ் வரைகலை அட்டை. கெவின் ஜென்கின்ஸுடன் சேர்ந்து 1982இல் கலிபோர்னியாவில் அவர் தொடங்கிய நிறுவனம் அதை விற்றது.

அந்த அட்டை 720க்கு 348 என்ற அளவில் கருப்பு வெள்ளைப் படம் காட்டியது. மொத்தம் 2,50,560 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் ஒரு திரைக்கு 31,320 பைட் போதும். அட்டையில் 64 கிலோபைட் நினைவகம் இருந்ததால் இரண்டு திரைப் பக்கங்களை அதில் வைத்துக்கொள்ளலாம். தெளிவான எழுத்தும் கூர்மையான கோட்டுப்படமும் ஒரே அட்டையில் கிடைத்தன. லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருள் இதை ஆதரித்ததும், அலுவலகங்களில் ஹெர்குலிஸ் ஒரு பொதுத்தரமாகவே ஆயிற்று. பிற நிறுவனங்கள் ஹெர்குலிஸ் பொருத்தம் என்று அச்சிட்டு மலிவான நகல் அட்டைகளை விற்கும் நிலை வந்தது.

தமிழ் போன்ற மொழிகளுக்கும் இந்த வழி முக்கியமானது. குறிகளின் பட்டியலில் இல்லாத எழுத்தைத் திரையில் காட்ட, புள்ளி புள்ளியாக வரைவது ஒன்றே வழி. 1986இல் வந்த ஹெர்குலிஸ் ப்ளஸ் அட்டை, மென்பொருளால் வரையறுக்கக்கூடிய 3,072 குறிகளுக்கு இடம் தந்தது. எண்ணிக்கை அளவில் தமிழின் 247 எழுத்துகளும் அதில் தாராளமாக அடங்கும். எல்லாக் குறிகளும் ஒரே அகலக் கட்டத்தில் அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடுதான் தமிழுக்கு இடைஞ்சல். இந்தியாவில் இதே சிக்கலுக்குத் தீர்வு கண்டது சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டை. கான்பூர் ஐஐடியில் தொடங்கிய ஆய்வின் வழியில் வந்த அது, டாஸ் இயங்குதளத்தில் இந்திய மொழி எழுத்துகளைத் திரையில் காட்டியது.

ஆக, ஹெர்குலிஸ் என்ற பெயர் ஈட்டிய மதிப்பு விளம்பரத்தால் வந்ததன்று. ஒரு பயனரின் உண்மையான தேவையிலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டின் அட்டையை எடை போடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பெயர் கைமாறியது

1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ தரம் வண்ணத்தையும் தெளிவையும் ஒன்றாகத் தந்தது. ஹெர்குலிஸ் தரத்தின் காலம் மெல்ல முடிந்தது. அதன்பின் அந்நிறுவனம் பிறர் உருவாக்கிய சில்லுகளை வாங்கி, பலகையில் பொருத்தி விற்கும் பல நிறுவனங்களுள் ஒன்றானது. 3டிஎஃப்எக்ஸ் சில்லுடன் ஸ்டிங்ரே, ரெண்டிஷன் சில்லுடன் த்ரில்லர், என்விடியா சில்லுடன் டைனமைட் என்று அட்டைகள் வந்தன. லாபம் குறைவாகவும் போட்டி கடுமையாகவும் இருந்த அத்தொழிலில் அதனால் நீடிக்க முடியவில்லை.

அதை வாங்கிய கியமோ, யூபிசாஃப்ட் விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கிய அதே சகோதரர்களின் குடும்ப நிறுவனம். அதே 1999இல் த்ரஸ்ட்மாஸ்டர் என்ற இன்னொரு அமெரிக்கப் பெயரையும் அது வாங்கியது. ஹெர்குலிஸை வாங்குமுன்பே கியமோ சொந்தப் பெயரில் வரைகலை அட்டைகளை விற்றுவந்தது. 3டி ப்ராஃபெட் என்ற வரிசையின் முதல் அட்டை 1999இல் கியமோ பெயரில்தான் வெளிவந்தது. அடுத்த சில மாதங்களில் அதே வரிசைக்கு ஹெர்குலிஸ் பெயர் சூட்டப்பட்டது.

இங்கே தெளிவாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 1982இன் அட்டையை வடிவமைத்த கைகளுக்கும் 2000இன் அட்டையைச் செய்த கைகளுக்கும் தொடர்பில்லை. வாங்குபவருக்குக் கைமாறி வந்தது பெயர் மட்டுமே. அந்தப் பெயருக்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதற்கும் பொருளில் தனிக் காரணம் இருக்க வேண்டும்.

சில்லு யாருடையது, பலகை யாருடையது

வரைகலை அட்டையில் இரண்டு உழைப்புகள் கலந்துள்ளன. கணக்கிடும் சில்லையும் அதை இயக்கும் மென்பொருளையும் தருவது சில்லு நிறுவனம். மின்பலகை, நினைவகத் தேர்வு, குளிர்விப்பு, திரைக்குச் செல்லும் குறிகையின் தூய்மை, உத்தரவாதம் ஆகியவை பலகை நிறுவனத்தின் பொறுப்பு. ஹெர்குலிஸின் பங்கு இரண்டாவது.

ஜீஃபோர்ஸ்2 ஜிடிஎஸ் சில்லு 2000 ஏப்ரலில் அறிமுகமானது. இரண்டரைக் கோடி டிரான்சிஸ்டர்களைக் கொண்ட இது 200 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. நான்கு வரைகுழாய்கள் வழியாக வினாடிக்கு 80 கோடிப் படப்புள்ளிகளை வரையலாம். ஒவ்வொரு குழாயும் ஒரே நேரத்தில் இரண்டு மேற்பரப்புப் படங்களைப் பூசும் என்பதால் அந்தக் கணக்கு 160 கோடியாக ஆகிறது. பெயரில் உள்ள ஜிடிஎஸ் என்ற மூன்று எழுத்துகளும் இந்தப் பெரிய எண்ணைப் பறைசாற்றவே வைக்கப்பட்டவை. முப்பரிமாண உருவங்களை நகர்த்தித் திருப்பும் கணக்கையும், ஒளி விழும் கணக்கையும் மையச் செயலியிடமிருந்து வாங்கித் தானே செய்யும் வசதியும் இதில் இருந்தது.

இதே சில்லைப் பல நிறுவனங்கள் வாங்கி அட்டை செய்தன. ஒரே சில்லு, ஒரே வேகம், ஒரே இயக்கு மென்பொருள் என்பதால் சோதனை முடிவுகள் அவற்றுக்கிடையே பெரிதாக மாறவில்லை. ஹெர்குலிஸ் தன் அட்டையை நீல நிறப் பலகையில் செய்தது. நினைவகச் சில்லுகளின் மேலும் வெப்பத் தகடுகளை ஒட்டியது. 32 மெகாபைட், 64 மெகாபைட் என்ற இரண்டு அளவுகளில் விற்றது.

தாளில் உள்ள வேகமும் கையில் வரும் வேகமும்

இந்த அட்டையின் பெரிய குறை அதன் விளம்பர எண்ணிலேயே ஒளிந்திருக்கிறது. கூட்டல் பெருக்கல் தெரிந்த மாணவர் எவரும் அதைக் கண்டுபிடிக்கலாம்.

அட்டையின் நினைவகப் பாதை 128 பிட், அதாவது 16 பைட் அகலம். நினைவகம் வினாடிக்கு 33.3 கோடி முறை தகவல் தரும். இரண்டையும் பெருக்கினால் வினாடிக்கு ஏறத்தாழ 533 கோடி பைட். இதுவே நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடையே ஓடக்கூடிய மொத்தத் தகவல்.

இனி ஒரு படப்புள்ளிக்கு எவ்வளவு தேவை என்று பார்க்கலாம். 32 பிட் வண்ணத்தில் ஒரு புள்ளியின் நிறத்தை எழுத 4 பைட். அந்தப் புள்ளி முன்னால் உள்ளதா, வேறொன்றின் பின்னால் மறைகிறதா என்று அறிய ஆழத் தகவலைப் படிக்க 4 பைட். புதிய ஆழத்தை எழுத இன்னும் 4 பைட். மேற்பரப்புப் படங்களைச் சேர்க்காமலேயே 12 பைட் ஆகிறது. 80 கோடிப் புள்ளிகளுக்கு 960 கோடி பைட் வேண்டும். இருப்பதோ 533 கோடி. அதை 12ஆல் வகுத்தால் ஏறத்தாழ 44 கோடிப் புள்ளிகளே கிடைக்கும். இது தோராயக் கணக்குதான். எல்லாப் புள்ளிகளுக்கும் மூன்று செயல்களும் தேவைப்படாது. மேற்பரப்புப் படங்களைப் படிப்பதோ சுமையைக் கூட்டும். ஆயினும் முடிவின் போக்கு மாறாது: விளம்பரத்தில் சொன்ன வேகத்தில் பாதியைச் சற்றுத் தாண்டியதும் பாதை அடைபட்டுவிடும்.

16 பிட் வண்ணத்தில் அதே மூன்று செயல்களுக்கும் 6 பைட் போதும். 80 கோடிப் புள்ளிகளுக்கு 480 கோடி பைட். அது இருக்கும் 533 கோடிக்குள் அடங்குகிறது. இதனால்தான் இந்த அட்டை 16 பிட்டில் பறந்தது. 32 பிட்டில், அதுவும் பெரிய திரை அளவுகளில், திணறியது. உயர்ந்த படத்தரத்துக்காக உயர்ந்த விலை கொடுத்தவர், வேகம் வேண்டுமென்றால் படத்தரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உயர்தர அட்டை ஒன்றின் மீது வைக்கக்கூடிய கடுமையான குற்றச்சாட்டு இதுவே.

என்விடியாவுக்கும் இது தெரிந்தே இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அறிவித்த ஜீஃபோர்ஸ்2 அல்ட்ராவில் சில்லின் வேகத்தை 200இலிருந்து 250 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தியது. நினைவகத்தையோ 333இலிருந்து 460ஆக உயர்த்தியது. சில்லுக்கு 25 விழுக்காடு, நினைவகத்துக்கு 38 விழுக்காடு. எங்கே அடைப்பு இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான ஒப்புதல் தேவையில்லை. விலை சுமார் 500 டாலர். ஒரு டாலர் ஏறத்தாழ 45 ரூபாயாக இருந்த காலத்தில் அது வரிகள் சேர்க்காமல் 22,500 ரூபாய். ஜிடிஎஸ் 32 மெகாபைட் அட்டை சுமார் 350 டாலர், அதாவது 15,750 ரூபாய்.

32 மெகாபைட்டா, 64 மெகாபைட்டா

இரண்டு மடங்கு நினைவகம் என்றால் இரண்டு மடங்கு வேகம் என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. இங்கும் கணக்கு உதவும்.

1024க்கு 768 என்ற திரை அளவில், 32 பிட் வண்ணத்தில், இரண்டு வண்ணப் பரப்புகளும் ஓர் ஆழப் பரப்பும் சேர்ந்து ஏறத்தாழ 9.4 மெகாபைட் எடுக்கும். 32 மெகாபைட் அட்டையில் 22 மெகாபைட்டுக்கு மேல் மேற்பரப்புப் படங்களுக்கு மிச்சம். அக்கால விளையாட்டுகள் பெரும்பாலானவற்றுக்கு அது போதுமானது. 1600க்கு 1200 என்ற அளவில் அதே பரப்புகளுக்கு 23 மெகாபைட் வேண்டும். மிச்சம் 9 மெகாபைட். அங்கேதான் 64 மெகாபைட் கைகொடுக்கும்.

ஆனால் அந்தத் திரை அளவில் முன்னர் சொன்ன பாதை அடைப்பு முழுமையாகத் தாக்கும். கூடுதல் நினைவகம் பயன்படத் தொடங்கும் இடமும், அட்டை மூச்சு வாங்கும் இடமும் ஒன்றாகவே இருந்தன. கிடங்கை இரட்டிப்பாக்கிவிட்டுக் கதவை அதே அகலத்தில் விட்டதைப் போன்றது இது. 64 மெகாபைட் அட்டைக்குக் கொடுத்த கூடுதல் பணத்துக்கு உடனடிப் பயன் குறைவு. அதிக மேற்பரப்புப் படங்களைக் கேட்கும் விளையாட்டுகள் வரும்வரை அட்டையை வைத்திருப்பவருக்கே அது ஓரளவு பலன் தரும்.

நினைவகத்தின் மேல் தகடுகள்

ஹெர்குலிஸ் தன் அட்டையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டப் பயன்படுத்தியது நினைவகச் சில்லுகளின் மேல் ஒட்டிய வெப்பத் தகடுகளை. பாராட்டத்தக்க கூறுதான். அடைப்பு நினைவகத்தில் இருப்பதால், நினைவகத்தின் வேகத்தைச் சற்று உயர்த்தினாலும் பலன் தெரியும். அதைச் செய்ய விரும்பும் பயனருக்குக் குளிர்ச்சி துணைநிற்கும். கோடையில் கூரைச் சூடு இறங்கும் சேலம் போன்ற ஊர்களில், கணினிப் பெட்டிக்குள் வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் எந்த ஏற்பாடும் வீண்போகாது.

ஆனால் நிர்ணயித்த வேகத்திலேயே அட்டையை ஓட்டுபவருக்குத் தகடுகளால் வேகம் கூடாது. உத்தரவாதத்துக்கு வெளியே நிற்கும் ஒரு செயலுக்கு உதவியாக உள்ள பாகத்தை, எல்லா வாங்குநருக்குமான சிறப்பாக முன்வைப்பது விற்பனை உத்தி. வாங்குபவர் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சோதனைகள் அளக்காத தரம்

அக்காலக் கணினி இதழ்களும் தளங்களும் வரைகலை அட்டைகளைப் பெரும்பாலும் ஒரே முறையில் சோதித்தன. குவேக் 3 போன்ற விளையாட்டை ஓட்டி, வினாடிக்கு எத்தனை படச்சட்டங்கள் என்று எண்ணிப் பட்டியலிட்டன. ஒரே சில்லைக் கொண்ட அட்டைகள் அப்பட்டியலில் அடுத்தடுத்து நின்றன. பலகை நிறுவனத்தின் திறமை உண்மையில் வெளிப்படும் இடம் வேறு.

அன்றைய கண்ணாடிக் குழல் திரைகளுக்கு அட்டை அனுப்பியது எண்முறைத் தகவலன்று, அலையாக ஏறி இறங்கும் மின் குறிகை. சில்லுக்குள் இருக்கும் மாற்றி அதை உருவாக்கும். அது திரைக்குச் செல்லுமுன் பலகையில் உள்ள வடிகட்டிப் பாகங்கள் வழியாகச் செல்லும். அப்பாகங்கள் மலிவானவையாக இருந்தால் 1280க்கு 1024 போன்ற பெரிய அளவுகளில் எழுத்தின் விளிம்பு மங்கும். மெல்லிய கோட்டின் ஓரத்தில் நிழல் படரும். ஜீஃபோர்ஸ்2 அட்டைகளில் இந்தத் தரம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறியது பரவலாகப் பேசப்பட்ட குறை. இதே காலத்தில் விளையாட்டு வேகத்தில் மிகவும் பின்தங்கிய மேட்ராக்ஸ் ஜி400 அட்டை, கூர்மையான திரைப்படிமத்துக்காகவே அலுவலகங்களிலும் அச்சுக்கூடங்களிலும் விரும்பப்பட்டது.

ஹெர்குலிஸ் என்ற பெயர் 1982இல் வென்றது எதனால்? தெளிவான எழுத்தையும் கூர்மையான கோட்டையும் ஒரே திரையில் தந்ததால். அந்தப் பெயரை வாங்கியவர்கள் 2000இல் முன்னிறுத்தியது படச்சட்ட எண்ணிக்கையையும் வெப்பத் தகடுகளையும். பெயரின் உண்மையான சொத்து எதுவோ அதைக் குறித்து விளம்பரம் பெரிதாகப் பேசவில்லை.

இளம்பிள்ளையின் அளவுகோல்

சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலைக்கு அப்பால் உள்ள இளம்பிள்ளை சேலைக்குப் பெயர்பெற்ற ஊர். விசைத்தறியும் சேலை வணிகமும் அவ்வூரின் வாழ்வாதாரம். அங்கேயும் அட்டை என்ற சொல் உண்டு. ஆனால் பொருள் வேறு. ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் துளையிட்ட அட்டைதான் அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் ஜக்கார்டு உருவாக்கிய முறை இன்றும் மாறவில்லை: ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளை இருந்தால் கொக்கி பாவு நூலைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. சேலையின் கரையும் முந்தியும் புட்டாவும் இப்படித் தூக்குவது, விடுவது என்ற இரண்டே நிலைகளால் ஆனவை. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்ற பழைய ஹெர்குலிஸ் அட்டையின் கணக்கும் இதுவேதான்.

முன்பு டிசைனர் கட்டத்தாளில் வண்ணம் தீட்டுவார். அதைப் பார்த்து அட்டை குத்துவார்கள். பின்னர் கணினி வந்தது. திரையில் கட்டங்களை நிரப்பினால், அதே தகவலைக் கொண்டு இயந்திரம் அட்டை குத்தும். எலக்ட்ரானிக் ஜக்கார்டு என்றால் அட்டையே தேவையில்லை. கோப்பு நேராகத் தறிக்குப் போகும். 1960 முதல் சேலத்தில் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவை இத்துறைக்கு ஆள்களைப் பயிற்றுவிக்கின்றன.

இத்தகைய டிசைனர் ஒருவர் 15,750 ரூபாய் கொடுத்து ப்ராஃபெட் 2 வாங்கியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 2,688 கொக்கிகள் கொண்ட ஜக்கார்டுக்கு 4,000 ஊடை நீளமுள்ள ஒரு டிசைனை எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 1,07,52,000 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பைட் என்றால் 11 மெகாபைட்டுக்கும் குறைவு. இது கணினியின் பொது நினைவகத்தில் இருக்கும். வரைகலை அட்டையில் இருக்காது. திரையில் ஒரு நேரத்தில் தெரியும் பகுதிக்கு, 1280க்கு 1024 அளவில் 32 பிட் வண்ணத்திலும், 5.2 மெகாபைட் போதும். 8 மெகாபைட் அட்டையே அதற்குத் தாராளம். புட்டாவை நகலெடுத்து வரிசையாக வைப்பதும், ஒரு நிறத்தை மாற்றுவதும், கோப்பைச் சேமிப்பதும் மையச் செயலியின் வேலை, வன்தட்டின் வேலை. வினாடிக்கு 80 கோடிப் புள்ளிகளை வரையும் குழாய்கள் அந்த நேரமெல்லாம் சும்மா இருக்கும்.

டிசைனருக்குத் தேவைப்படுவது வேறு. அங்குலத்துக்கு 80 பாவு நூலும் 64 ஊடையும் ஓடும் துணியில், கட்டங்களைச் சதுரமாக எண்ணி 80க்கு 80 வட்டம் வரைந்தால், நெய்தபின் அது ஓர் அங்குல அகலமும் ஒன்றேகால் அங்குல உயரமும் கொண்ட முட்டையாகிவிடும். அதைத் திரையில் திருத்திக் காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. அடுத்தடுத்த கட்டங்களின் எல்லை மங்காமல், எட்டு மணிநேரம் பார்த்தாலும் கண் எரியாமல் தெரிய வேண்டும். அது அட்டையின் வடிகட்டிகளையும் திரையின் தரத்தையும் பொறுத்தது. ஒரு கட்டம் தவறாக நிரம்பினால் அந்தக் குறை அந்த டிசைனில் நெய்யும் ஒவ்வொரு சேலையிலும் வரும். சேலை தேங்கினால் நட்டம் தறிக்காரருக்கு. சோதனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த அட்டை, இந்த வேலைக்கான தேர்வில் முதலிடத்தைத் தானாகவே பெறாது.

இந்த முடிவு எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேலையை உடுத்திய தோற்றத்தில் முப்பரிமாணமாகக் காட்டும் மென்பொருளும், படத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவும் வரைகலை அட்டையின் கணக்கிடும் திறனை நேரடியாகப் பயன்படுத்துகின்றன. வேலை மாறினால் அளவுகோலும் மாறும்.

அதே பெயரில் வந்த மறுப்பு

ப்ராஃபெட் 2 ஜிடிஎஸ் மீதான மிகச் சிறந்த விமர்சனத்தை எழுதியது எந்த இதழும் அல்ல. ஹெர்குலிஸே அதை ஒரு பொருளாக விற்றது. 2001இல் வந்த ஹெர்குலிஸ் 3டி ப்ராஃபெட் 4500 அட்டையில் இருந்தது எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த கைரோ 2 சில்லு. பவர்விஆர் என்ற வேறொரு வரைமுறையைப் பின்பற்றியது அது. ஒன்றரைக் கோடி டிரான்சிஸ்டர், 175 மெகாஹெர்ட்ஸ், இரண்டே குழாய்கள், வினாடிக்கு 35 கோடிப் புள்ளிகள், 280 கோடி பைட் நினைவகப் போக்குவரத்து. எண்களைப் பார்த்தால் ஜிடிஎஸ்ஸில் பாதிதான். 64 மெகாபைட் அட்டையின் விலையும் பாதிக்குக் கீழே, சுமார் 150 டாலர். ஆயினும் பல விளையாட்டுகளில் 32 பிட் வண்ணத்தில் இது ஜிடிஎஸ்ஸுக்கு இணையாக ஓடியது, சிலவற்றில் முந்தியது.

காரணம் நெசவு தெரிந்தவர்களுக்கு எளிதில் புரியும். கூடுதல் ஊடை கொடுத்துப் புட்டா நெய்யும்போது, ஒரு புட்டாவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் இடையே அந்த நூல் துணியின் பின்புறம் ஓடும். நெய்து முடிந்ததும் அதைக் கத்தரித்து எறிவார்கள். நூலும் போச்சு, கூலியும் போச்சு. வழக்கமான வரைகலைச் சில்லு இப்படித்தான் வேலை செய்கிறது: சுவருக்குப் பின்னால் மறையப்போகும் உருவத்தையும் முழுதாக வரைந்து, வண்ணம் பூசி, பின் அதன்மேல் சுவரை வரையும். கைரோ 2 திரையை 32க்கு 16 புள்ளி கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்தது. 1024க்கு 768 திரையில் அப்படி 1,536 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எது கண்ணுக்குத் தெரியும் என்பதைச் சில்லுக்குள்ளேயே முடிவு செய்தபின், தெரிவதற்கு மட்டும் வண்ணம் பூசியது. சராசரியாக ஒரு புள்ளியின் மேல் மூன்று முறை வரையும் காட்சியில், மற்ற சில்லுகள் செய்யும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு இதற்கு மிச்சம். ஆழத் தகவலுக்காக வெளி நினைவகத்துக்குப் போய்வரும் அலைச்சலும் இல்லை.

கைரோ 2வுக்கும் குறைகள் உண்டு. உருவங்களை நகர்த்தும் கணக்கையும் ஒளிக் கணக்கையும் அது தானே செய்யாது. மையச் செயலியின் தலையில் கட்டும். அந்த வசதியை எதிர்பார்த்து எழுதப்பட்ட பிற்கால விளையாட்டுகளில் ஜிடிஎஸ் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது. எனவே 4500ஐ வெற்றியாளர் என்று அறிவிப்பதும் சரியன்று. அது நிறுவியது வேறு: ஜிடிஎஸ்ஸின் விலையில் ஒரு பகுதி, கத்தரித்து எறியப்படும் நூலுக்குக் கொடுத்த விலை.

அதன்பின்

ஹெர்குலிஸ் பெயர் மேலும் சில ஆண்டுகள் வரைகலை அட்டைகளில் நீடித்தது. கியமோ பின்னர் ஏடிஐ சில்லுகளுக்கு மாறி, ரேடியான் 9700 ப்ரோ போன்றவற்றை ப்ராஃபெட் வரிசையில் விற்றது. 2004இல் வரைகலை அட்டைத் தொழிலிலிருந்தே விலகியது. இன்று அப்பெயர் டிஜேக்களுக்கான இசைக் கருவிகளில் உள்ளது.

வாங்கியவர்களின் நிலை என்ன ஆயிற்று என்பது கவனிக்கத்தக்கது. ப்ராஃபெட் 2 ஜிடிஎஸ் வைத்திருந்தவருக்கு என்விடியாவின் பொது இயக்கு மென்பொருள் தொடர்ந்து கிடைத்தது. பலகையின் பெயர் மறைந்தாலும் சில்லு நிறுவனம் நின்றதால் அட்டை பிழைத்தது. 4500 வைத்திருந்தவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எஸ்டி மைக்ரோ 2002இல் கணினி வரைகலையைக் கைவிட்டதும் அந்தச் சில்லுக்கு நாதியில்லாமல் போயிற்று. கருத்து மட்டும் சாகவில்லை. மின்சாரத்தையும் நினைவகப் போக்குவரத்தையும் சிக்கனமாகச் செலவிட வேண்டிய கைப்பேசிகளில் கட்டம் கட்டமாக வரையும் முறை வேரூன்றியது. 2007இல் வந்த முதல் ஐபோனிலும் பவர்விஆர் வரைகலையே இருந்தது. இளம்பிள்ளைச் சேலைகளின் படங்களைக் கைப்பேசியில் புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுப்பவர்களின் திரைகளைப் பெரும்பாலும் வரைவது அந்த வழிவந்த சில்லுகளே.

மதிப்பீடு

ஹெர்குலிஸ் 3டி ப்ராஃபெட் 2 ஜிடிஎஸ் மோசமான அட்டையன்று. தன் காலத்தில் விரைவானது; நன்றாகச் செய்யப்பட்டது; சில்லு நிறுவனத்தின் ஆதரவால் நீண்ட நாள் உழைத்தது. பெரிய திரையில் விளையாடுவதையே நோக்கமாகக் கொண்டு, பணத்தைப் பற்றிக் கவலைப்படாதவருக்கு 2000இன் நடுப்பகுதியில் அது நியாயமான தேர்வு. அவருக்கும் 32 மெகாபைட் அட்டையே போதுமானதாக இருந்திருக்கும்.

சிக்கல் அதன்மேல் ஏற்றப்பட்ட எண்ணிலும் பெயரிலும் உள்ளது. 160 கோடி என்ற எண், நினைவகம் அனுமதிக்காத வேகத்தைப் பேசியது. ஹெர்குலிஸ் என்ற பெயர், வேறு யாரோ வேறு தேவைக்காக ஈட்டிய நம்பிக்கையைப் பேசியது. இரண்டையும் நீக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது, அதே சில்லைக் கொண்ட பிற அட்டைகளோடு ஏறத்தாழச் சமமாக நிற்கும் ஒரு நல்ல பலகை. அந்தச் சமத்துக்கு ஏற்ற விலையே அதற்குத் தகும்.

இன்றைய அட்டைகளின் விலை பல மடங்கு ஏறிவிட்டது. பழைய பெயர்கள் புதிய உரிமையாளர்களிடம் திரும்பி வருவதும் நிற்கவில்லை. சோதிக்கும் முறை அப்படியே இருக்கிறது. கணக்கிடும் வேகத்தை நினைவகப் போக்குவரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சில்லின் தகுதியையும் பலகையின் தகுதியையும் தனித்தனியே கேட்க வேண்டும். நாளை அந்நிறுவனம் விலகினால் இயக்கு மென்பொருளை யார் தருவார் என்று விசாரிக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, தன் வேலையில் எந்தப் பகுதியை அந்த அட்டை செய்யப்போகிறது என்பதை வாங்குபவர் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. தாய் எழுத்தில் ஓர் ஆய்வேட்டை எழுத வேண்டும் என்ற ஒரே வரியிலிருந்துதான் முதல் ஹெர்குலிஸ் அட்டை பிறந்தது.